வெளுத்த ஜேடு: தீயோ, மண்ணோ?

சீனத்து ஹாங்சௌ நகரையடுத்த ஃபான்ஷான் இடுகாட்டில் 1986இல் அகழ்ந்தெடுத்த லியாங்சூ கால ஜேடு அணிகளுட் பல வெளுத்துள்ளன. சீனர் இந்நிறத்தைக் ‘கோழியெலும்பு வெண்மை’ என்பர். இது தீயிலிட்டதால் விளைந்ததெனக் கருதுவாரும் உளர்; நிறமொன்றே கொண்டு எரிசடங்கு கூறுதல் பொருந்துமா?

நெஃப்ரைட் என்னும் இவ்வகை ஜேடு, திரெமோலைட் கனிமத்தின் நுண்ணிழைகள் பின்னிப் பிணைந்தது. அப்பின்னலே அதன் உறுதிக்குக் காரணம். மண்ணிலுள்ள நீர் நெடுங்காலம் ஊடுருவுங்கால் இழைகள் தளர்ந்து, இடையே நுண்துளைகள் மிகுகின்றன. ஒளி அவற்றிற் பட்டுச் சிதறுதலால் கல் வெண்மையாய்த் தோன்றுகிறது, கனிமமோ மாறுவதில்லை. கடுந்தீயின் செயல் வேறு. ஏறத்தாழ 900 பாகை சென்டிகிரேடுக்கு மேல் திரெமோலைட் தன்னுள் அடங்கிய நீரை இழந்து டயாப்சைடு முதலியனவாகச் சிதையும். எனவே, எக்ஸ்-கதிர்ச் சோதனையில் திரெமோலைட்டே காணப்படின் கடுந்தீக் கொள்கை நில்லாது. மென்சூட்டை மட்டும் இச்சோதனையால் விலக்க இயலாது என்பதையும் யாம் ஒப்புகின்றோம்.