கல்லாவும் கையெழுத்தும்

"கடையைப் பையன்கிட்ட ஒப்படைச்சாச்சு" என்று சங்கக் கூட்டங்களில் நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் சொன்னவன்தான். செக்கில் யார் கையெழுத்து என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும்.

குடும்ப வியாபாரத்தில் கைமாற வேண்டியவை இரண்டு: சொத்து, அதிகாரம். சொத்துக்குச் சட்டம் வழி சொல்லிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களாகிய எங்களுக்கும் உரியதே. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்பது 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் நாளைக்குக் கல்லாவில் யார் உட்காருவது என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

மதுரையில் 1911-இல் சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தில், கிளைக் குடும்பங்கள் தனித்தனி நிறுவனங்களை நடத்தின. பங்குகளோ பொதுவாகக் கிடந்தன. யார் எதை நடத்துகிறாரோ அது அவருக்கே என்று 2020 டிசம்பரில் சுமுகமாக முடிவு செய்தார்கள். முருகப்பா குழுமத்தில் அதே 2020-இல், காலமான ஒரு மூத்தவரின் மகள் குடும்ப முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். பங்குகள் இருந்தும் இடம் கிடைக்கவில்லை. 2023-இல்தான் சமரசம் ஏற்பட்டது.

நம் அளவில் இதைவிடச் சிறிய ஓட்டை ஒன்று உண்டு. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். பங்காளிகள் இருவரே என்றால் எழுதியும் பிரயோஜனமில்லை. ஒற்றை ஆளுக்கு ஏது கூட்டு? மும்பையில் எங்கள் எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு நானும் தம்பியும் மட்டுமே பங்காளிகள். 2011-இல் தம்பி திடீரென்று போய்விட்டான். காரியம் முடிவதற்குள் வங்கிக் கணக்கை நிறுத்திவிட்டார்கள். சரக்குக்குப் பணம் கட்ட வழியில்லாமல், தம்பி மனைவி முன்னால் பேரேட்டை விரித்துப் பங்கு பிரித்த நாளை இன்றும் மறக்க முடியவில்லை. அப்புறம் கடை என் ஒருவன் பேரில் நடந்தது.

2017-இல் மகனிடம் கொடுத்தேன். கொடுத்தேன் என்பது பேருக்குத்தான். கல்லா பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டேன். அவன் விலை சொன்னதும் வாடிக்கைக்காரர் என் முகத்தைப் பார்ப்பார், நான் பத்து ரூபாய் குறைப்பேன். அந்த ஜூலையில்தான் ஜி.எஸ்.டி. வந்தது. பில் போட்டாலே வரி கட்டியாக வேண்டும், பணம் வசூலாகியிருக்க வேண்டும் என்பதில்லை. மகன் வாய்க்கடனை நிறுத்தினான். முப்பது வருஷ வாடிக்கையை அறுக்கிறானே என்று எனக்கு ஆத்திரம். பழைய குமாஸ்தாவும் என் பக்கம். மகள்தான் மூன்று மாதக் கணக்கை எழுதிக் காட்டினாள். வராத பணத்துக்கு நாங்கள் கட்டிய வரி அதில் தனிப்பத்தியாக இருந்தது.

"நீங்க உக்காந்திருக்கிற வரைக்கும் யாரும் என்கிட்ட விலை பேச மாட்டாங்கப்பா" என்று மகன் ஒருநாள் சொன்னான். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அவன் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று.

போன வருஷம் புதுப் பத்திரம் எழுதினோம். மகன், மகள், தம்பி மனைவி என்று மூன்று பங்காளிகள். ஒருவர் மறைந்தாலும் மற்ற இருவர் தொடரலாம் என்று ஒரு ஷரத்து சேர்த்திருக்கிறோம். என் பெயர் அதில் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்குப் போகிறேன். நாற்காலி இப்போது கல்லாவுக்கு வெளியே, வாடிக்கைக்காரர் நிற்கும் பக்கம் கிடக்கிறது.