பிக்அப்பைத் தாழ்த்தலாம், கணக்கைத் தாழ்த்தக் கூடாது

பழைய வாகனத்தைப் புதுப்பித்து ஓட்டும் ஆசை நமது பகுதியில் கூடிக்கொண்டே வருகிறது. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைப் பக்கத்து கராஜ்களை எட்டிப் பார்த்தால் ஒரு மொரிஸ் மைனரோ, டட்சன் பிக்அப்போ, பழைய ஹைலக்ஸோ பெயின்ட் உரித்த நிலையில் நிற்பதைக் காணலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து வருடம், இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. டிங்கர் பாஸ்மாருக்கும் வெல்டிங் பாஸ்மாருக்கும் கை நிறைய வேலை கிடைத்த காலம் அது.

அந்த வேலைகளோடு இப்போது ஒரு புது ஓடரும் சேர்ந்திருக்கிறது. "பழைய பிக்அப்பை நிலத்தோடு ஒட்டுகிற மாதிரித் தாழ்த்தித் தாருங்கள்" என்று கேட்டு வருகிறார்கள் இளைஞர்கள். வெளிநாட்டுப் படங்களைக் கைபேசியில் காட்டி, இதே போல வேண்டும் என்கிறார்கள். நான் இரும்பு வியாபாரி. தகடு, பெட்டி இரும்பு, வெல்டிங் கூறு எல்லாம் கராஜ்காரர்களுக்குக் கடனுக்குக் கொடுத்து வாங்குபவன். அவர்கள் நட்டப்பட்டால் என் கொப்பியிலும் சிவப்புக் கோடு விழும். ஆகவே இந்த ஓடர் லாபமா, தலைவலியா என்பது எனக்கும் சம்பந்தமான விடயம்தான்.

என் தங்கையின் மகன் கராஜ் வைத்திருக்கிறான். அவனுக்கும் இப்படி ஒரு ஓடர் வந்தது. "மாமா, அவர் முழுக் காசையும் ஒரே தொகையாத் தாறாராம், எவ்வளவு சொல்லட்டும்?" என்று கேட்டு வந்தான். தொகையைச் சொல்வதற்கு முன் வேலையைப் பார்ப்போம் என்று சொல்லி அவனோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன். அந்த இரண்டு நாளில் பேசியதைத்தான் கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கும் வாகனம் கொடுக்க நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது இந்த மோகம்?

இது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த பழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் காரின் டிக்கியில் மண் மூட்டைகளை ஏற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்தி ஓடினார்கள். 1958இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சக்கர ரிம்மின் அடிமட்டத்தை விடக் கீழே வாகனத்தின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்பதே அது. ரொன் அகிரே என்ற இளைஞர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். விமானங்களில் பாவித்த ஹைட்ரோலிக் பம்புகளைத் தன் கோர்வெட் காரில் பொருத்தி, பொலிஸைக் கண்டால் உயர்த்தவும் போன பிறகு இறக்கவும் வழி செய்தார்.

பிக்அப் இந்தக் கதைக்குள் வந்தது வியாபாரக் காரணத்தால். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா 1964 முதல் இறக்குமதியாகும் சிறு லொறிகளுக்கு 25 வீதம் வரி விதித்தது. அங்கே இன்றும் அதைக் 'கோழி வரி' என்றுதான் சொல்கிறார்கள். ஜப்பானியக் கம்பனிகள் என்ன செய்தன தெரியுமா? பின்பெட்டி இல்லாமல் வெறும் கெபினும் செஸியுமாகக் கப்பலில் ஏற்றின. அதற்கு வரி 4 வீதம்தான். பெட்டியை அமெரிக்காவில் இறக்கிய பிறகு பூட்டினார்கள். 1980இல் இந்த வழி அடைக்கப்பட்டது. ஆனால் அதற்குள் டட்சன், டொயோட்டா, மஸ்டா பிக்அப்கள் மலிவு வாகனங்களாக அங்கே பரவிவிட்டன. கையில் அதிகம் காசில்லாத இளைஞர்கள் அவற்றைத் தாழ்த்தி அலங்கரிக்கத் தொடங்கினார்கள். நமது பிள்ளைகள் கைபேசியில் காட்டும் படங்களின் பூர்வீகம் இதுதான்.

வேலை எப்படி நடக்கிறது?

வெளியில் நின்று பார்ப்பவருக்கு இது ஸ்பிரிங்கை வெட்டுகிற வேலை. செய்பவருக்குத்தான் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைவது தெரியும்.

முதலில் பின்பக்கம். பழைய பிக்அப்கள் அநேகமானவற்றில் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். அச்சு பட்டைக்கு மேலே இருந்தால், இரண்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தால் போடி இறங்கும். அச்சு பட்டைக்குக் கீழே இருந்தால் கட்டை வைப்பது வாகனத்தை உயர்த்திவிடும். அப்போது அச்சைப் பட்டைக்கு மேலே மாற்ற வேண்டும். சிலர் பட்டைகளில் இரண்டைக் கழற்றிவிடுகிறார்கள். அது மலிவு வழி. ஆனால் அதன் பிறகு அந்த வாகனம் பாரம் சுமக்காது.

அதிகமாகத் தாழ்த்தினால் பள்ளத்தில் விழும்போது அச்சு மேலே எழும்பிச் செஸியில் அடிக்கும். அதற்காக அச்சுக்கு நேர் மேலே செஸியை அரைவட்டமாக வெட்டி, தடித்த தகட்டால் பலப்படுத்துகிறார்கள். முழு வேலையிலும் ஆபத்தான இடம் இதுதான். வாகனத்தின் முதுகெலும்பை வெட்டுகிறோம். பலப்படுத்தும் தகட்டின் ஓரத்தைச் செஸிக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்ட் பண்ணினால் அந்தக் கோட்டிலேயே பின்னர் வெடிப்பு வரும். ஓரங்களைச் சரிவாக வெட்டி வெல்ட் பண்ண வேண்டும். வெல்டிங்குக்கு முன் பெற்றோல் டாங்கியை முற்றாகக் கழற்ற வேண்டும், பற்றரி வயரை எடுக்க வேண்டும். செஸி இலக்கம் குத்திய இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படவே கூடாது. அந்த இலக்கம் சிதைந்தால் வாகனத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதே வழக்காகிவிடும்.

முன்பக்கம் வாகனத்துக்கு வாகனம் வித்தியாசம். மொரிஸ் மைனரிலும் பழைய டட்சன் பிக்அப்பிலும் முன்னால் முறுக்குக் கம்பி இருக்கிறது. அதைத் திருப்பி வைத்து இறக்கலாம். கொயில் ஸ்பிரிங் உள்ளவற்றில் குட்டையான ஸ்பிரிங் போட வேண்டும். கேஸ் விளக்கால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமிழ்த்துகிற வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். சூடு பட்ட உருக்கு தன் பதத்தை இழந்துவிடும். இன்று இரண்டு அங்குலம் இறங்கியது நாளை நான்கு அங்குலம் இறங்கும், அல்லது முறியும்.

இதோடு முடியவில்லை. ஷொக் எப்சோர்பரைக் குட்டையாக மாற்ற வேண்டும். பின் ஷாஃப்ட்டின் சரிவு மாறுவதால் அச்சின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடும்போது அதிர்வு வரும். சக்கர எலைன்மென்ட், பிரேக் குழாய்களின் நீளம், ஹெட்லைட்டின் மட்டம் எல்லாவற்றையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

கண்டி வீதிக்குச் சரிவருமா?

கலிபோர்னியாவின் சமதரை வீதியில் ஓடுவது கண்டியில் ஓடும் என்று நினைக்கக் கூடாது. கடுகண்ணாவை ஏற்றத்தில் இறங்கி வரும்போது பிரேக்கில் எவ்வளவு பாரம் விழுகிறது என்பது லொறிக்காரர்களுக்குத் தெரியும். மகியங்கனைக்குப் போகும் 18 வளைவு வீதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருப்பத்தில் டயர் மட்கார்ட்டில் உரசினால் அந்த இடத்தில் டயர் வெட்டுப்படும். மஹியாவைப் பக்கத்துச் செங்குத்தான ஒழுங்கைகளில் வீட்டு வாசலுக்கு ஏறும்போதே சைலன்சர் சீமெந்தில் உரசும். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரில் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதல்ல. சாதாரண வேன் கடந்து போகும் தண்ணீரில் தாழ்த்திய பிக்அப் நின்றுவிடும்.

ஆகவே பிக்அப் கடைக்கு மூட்டை ஏற்றவா, ஞாயிற்றுக்கிழமை அழகுக்கு ஓடவா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்பவருக்கு ஒன்றுதான் பதில்: இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்க வேண்டாம், செஸியை வெட்டவும் வேண்டாம். காற்றுப் பை ஸ்பிரிங் போட்டால் வேண்டியபோது ஏற்றி இறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பை, கொம்பிரசர், வால்வு எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. ஒரு பை வெடித்தால் அடுத்தது வரும் வரை வாகனம் கராஜில்தான் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகனத்தின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பதிவுப் புத்தகத்தில் போடியின் வகை, வெறும் எடை, நீளம், உயரம், டயரின் அளவு எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. வாகனம் ஒன்றாகவும் புத்தகம் இன்னொன்றாகவும் இருந்தால் வீதியில் மறித்தாலும் பிரச்சினை, விற்கப் போனாலும் பிரச்சினை. 2025இன் தொடக்கத்தில் வாகனங்களில் அனுமதியின்றிப் பூட்டிய மேலதிகப் பாகங்களுக்கு எதிராகப் பொலிஸார் நாடு முழுவதும் நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கும்.

காப்புறுதியையும் மறந்துவிடக் கூடாது. மாற்றத்தைக் கம்பனிக்கு அறிவிக்காமல் வைத்திருந்து விபத்து நடந்தால், நட்டஈட்டை மறுக்க அதுவே காரணமாகும். வேலைக்கு முன்னரே வாகனச் சொந்தக்காரர் திணைக்களத்துக்கும் காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதன் பிரதியை கராஜ்காரர் தன் ஃபைலில் வைத்திருக்க வேண்டும்.

கணக்குப் போடும் விதம்

இனி நமது பாடத்துக்கு வருவோம். பழைய வாகனத்துக்கு ஒரே தொகை பேசுவது சாக்கில் கட்டிய பூனையை விலைக்கு வாங்குவது போன்றது. பெயின்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உதாரணத்துக்கு, 300 மணித்தியால வேலை என்று நினைத்துத் தொகை சொல்கிறீர்கள். துருவைச் சுரண்டிப் பார்த்தால் 450 மணித்தியாலம் போகிறது. உங்கள் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கை இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள். வாகனம் மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் வந்திருக்கக்கூடிய அன்றாட டிங்கரிங் வேலையும் போய்விட்டது.

மருமகனுக்கு நான் சொன்ன முறை இது. வேலையை நான்காகப் பிரிக்க வேண்டும்: கழற்றிப் பார்ப்பது, செஸியும் ஸ்பிரிங்கும், தகட்டு வேலை, பெயின்ட். கழற்றிப் பார்ப்பதற்குத் தனிக் கூலி. அது முடிந்த பிறகே அடுத்ததற்கு விலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருட்காசு முன்பணமாக வர வேண்டும், கூலி அந்தக் கட்டம் முடிந்ததும் வர வேண்டும். ஒருவர் தந்த முன்பணத்தில் இன்னொருவரின் வாகனத்தை முடிக்கக் கூடாது. கராஜ்கள் மூடப்படுவது பெரும்பாலும் இந்தச் சுழலில் சிக்கித்தான். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து, சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும்.

மருமகன் அப்படியே செய்தான். கழற்றிப் பார்த்தபோது பின் ஸ்பிரிங் தொங்கும் கொக்கியின் அருகே செஸி துருவால் அரித்திருந்தது. வெளியே தார் பூசி மறைத்திருந்தார்கள். ஒரே தொகை பேசியிருந்தால் அந்த இடத்தில் சண்டை தொடங்கியிருக்கும். பார்வைக் கூலி தனியாக வந்துவிட்டதால் சண்டைக்கு இடமிருக்கவில்லை. துரு பிடித்த பகுதியை முதலில் மாற்றுவோம், இரண்டு அங்குலம் மட்டும் இறக்குவோம், செஸியை வெட்ட மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். வந்தவர் முகம் சுருங்கித்தான் போனார். வேறு இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு, மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து செஸி வேலைக்கு முன்பணம் கொடுத்தார். நினைத்ததை விடச் சின்ன ஓடர்தான். ஆனால் ராத்திரி நித்திரை கெடாத ஓடர்.

பழைய வாகனத் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மொரிஸ் மைனரையே பாருங்கள். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. பிறந்த நாட்டில் உற்பத்தி நின்று பல வருடங்களுக்குப் பிறகு, இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், 1990களில் நமது இலங்கையில் அதன் பாகங்களைச் செய்வித்து அங்கே கொண்டுபோனார். இங்கே பழைய கார்களை உயிரோடு வைத்திருந்த கைகளுக்கு இருந்த பெயர்தான் அந்த வியாபாரத்துக்கு முதல். தகட்டைத் தட்டி வளைத்து மட்கார்ட் செய்யும் பாஸ்மார் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வயதாகிப் போவதற்குள் இளைஞர்கள் அந்த வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் ஆசையைத் திட்டித் துரத்த வேண்டாம். ஆசைதான் வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. ஆனால் அவர் விட்டுப்போகும் வாகனம் நம் கையில் அமானிதம். நாளை அதில் அவருடைய பிள்ளைகளும் ஏறுவார்கள். எவ்வளவு தாழ்த்தலாம் என்று அவர் கேட்கட்டும். எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்று சொல்வது தொழில் தெரிந்தவரின் வேலை. அதைச் சொல்லத் தெரிந்த கராஜுக்கு நான் தயங்காமல் கடனுக்கு இரும்பு கொடுப்பேன்.