யென் ஏறினால் கட்டப்போவது யார்?

மார்ச் 31 நெருங்குகிறது. நம்முடையதைப் போலவே ஜப்பானின் நிதியாண்டும் அன்றுதான் முடிகிறது. இந்தியாவுக்கான ஜப்பான் கடன்களில் பலவும் அந்த மாதத்தில்தான் கையெழுத்தாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கும் தமிழக அரசு ஜப்பான் பணத்தையே எதிர்பார்ப்பதால், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. “ஜப்பான்காரன் போட்டுக்கொடுத்த குழாய்க்கு நாங்க எதுக்குத் தண்ணி வரி கட்டணும்?” என்று கேட்கிறார் பாகலூர் சாலை வாசகர். “அமெரிக்கா உதவிய நிறுத்திட்டாங்களாமே, ஒகேனக்கல் தண்ணியும் நின்னுடுமா?” என்கிறார் சூளகிரிக்காரர்.

நிற்காது. இந்தக் குழாய்க்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பில்லை. ஆனால் அவருடைய பயத்தில் அர்த்தம் இருக்கிறது. 2025-ல் அமெரிக்கா தன் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை இழுத்து மூடியது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆக்க அதே ஆண்டில் முடிவெடுத்தது. பணக்கார நாடுகள் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. தீர்மானித்தது 1970-ல். கொரோனா, உக்ரைன் போர், விலைவாசி என்று ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கடி ஏறும்போது முதலில் வெட்டப்படுவது மானியம். கடன் தொடர்ந்து கிடைக்கும். ஒகேனக்கலுக்கு வந்தது தொடக்கத்திலிருந்தே கடன்தான்.

ஒகேனக்கல் திட்டம் வந்ததே நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடால்தான். அந்தத் தண்ணீர் பல்லையும் எலும்பையும் என்ன செய்யும் என்பதைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேராகக் கடன் கணக்குக்குப் போகிறேன்.

முதல் கட்டத்துக்கு 2008 மார்ச்சில் 2,238.7 கோடி யென், 2009 மார்ச்சில் 1,709.5 கோடி யென். முதல் ஒப்பந்தம் ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு வங்கியோடு போடப்பட்டது. அந்த வங்கியின் உதவிக்கடன் பிரிவு 2008 அக்டோபரில் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைகாவோடு இணைந்ததால் இரண்டாவது ஒப்பந்தம் ஜைகாவோடு. திட்டச் செலவு 1,928.80 கோடி ரூபாய். 2013 மே 29-ல் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். வட்டி ஒன்றரை சதவீதத்துக்குள். யென் கடன்களில் வழக்கமாக முதல் பத்து ஆண்டுகளுக்கு அசல் கட்ட வேண்டாம். எந்த உள்ளூர் வங்கியும் இப்படித் தராது என்று அதிகாரிகள் சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் பேசுவது வட்டியைப் பற்றி மட்டும். என்னை உறுத்துவது அசல்.

கடன் யென்னில் இருக்கிறது. நம் வரி ரூபாயில் வருகிறது. 2008 மார்ச்சில் 100 யென்னுக்குச் சுமார் 40 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. உலகம் பயந்தால் முதலீட்டாளர்கள் யென்னில் ஒதுங்குவார்கள், யென் விலை ஏறும். அதே பயத்தில் ரூபாயை விற்பார்கள், ரூபாய் இறங்கும். ஆண்டு முடிவதற்குள் 100 யென் 50 ரூபாயைத் தாண்டியது. 2012-ல் 70 ரூபாயைத் தொட்டது. ஒப்பந்தத்தில் உள்ள மொத்த யென்னை 2008 மார்ச் விலையில் பெருக்கினால் சுமார் 1,580 கோடி ரூபாய். 2012 விலையில் பெருக்கினால் 2,700 கோடிக்கு மேல். ஒன்றரை சதவீத வட்டி என்ற சலுகையை இந்த ஏற்றம் ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கடன் ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. வேலை நடக்க நடக்க, பில்லுக்கு ஏற்ப யென் எடுக்கப்படும். யென் உச்சத்தில் இருந்தபோது எடுத்த பணத்துக்கு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. அந்த அளவுக்குக் குறைவான யென்னே கடனாக ஏறியது. 2024 ஜூலையில் யென் சரிந்து 100 யென் 52 ரூபாய்க்கு வந்தபோது திருப்பிக் கட்டியவர்களுக்கு லாபம். 2020-ல், ஊரடங்கில் மாநில வருவாய் படுத்துக் கிடந்த நேரத்தில், அதே 100 யென் 70 ரூபாய். வருமானம் இல்லாத நாளில் தவணை கூடுகிறது என்பதுதான் இந்தக் கடனின் சுபாவம்.

இந்த ஏற்ற இறக்கம் யார் தலையில்? கடிதம் எழுதிய பலருக்கும் டெல்லி பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் இருக்கிறது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டுக் கடனை மத்திய அரசு வாங்கி, 70 சதவீதத்தை ரூபாய்க் கடனாகவும் 30 சதவீதத்தை மானியமாகவும் மாநிலங்களுக்குத் தரும்; யென் ஏறினால் நட்டம் மத்திய அரசுக்கு. சி.ரங்கராஜன் தலைமையிலான 12-வது நிதி ஆணையம் இதை மாற்றச் சொன்னது. 2005 ஏப்ரலிலிருந்து தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு எந்த நாணயத்தில், எந்த வட்டியில் கடன் வருகிறதோ அப்படியே கைமாற்றிவிடுகிறார்கள். ஜப்பானிடம் கையெழுத்துப் போடுவது டெல்லி. யென் விலை ஏறும்போது கூடுதல் ரூபாயைத் தேடிக் கட்டுவது சென்னை. யென்னை வாங்கவோ விற்கவோ, விலையைத் தாங்கிப்பிடிக்கவோ மாநில அரசிடம் ரிசர்வ் வங்கி கிடையாது. சுமையைத் தாங்கும் வசதி உள்ளவரிடமிருந்து அது இல்லாதவரிடம் மாற்றிவிட்டு, அதை மாநிலங்களின் நிதிப் பொறுப்புணர்வு என்று விளக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு ஏழாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2024 மார்ச்சில் ஜப்பானின் மத்திய வங்கி எதிர்மறை வட்டியைக் கைவிட்டது. புதுக் கடன்களின் வட்டியும் முன்பு போல இல்லை. இன்று யென் மலிவாக இருக்கிறது. மலிவாக இருக்கும்போது வாங்கிய யென் கடன் எப்படி முடியும் என்பதை 2008 காட்டியிருக்கிறது. 100 யென் எந்த விலை வரை போனால் சமாளிக்கலாம் என்று நிதித்துறை கணக்குப் போட்டிருக்கிறதோ, அந்த எண்ணைக் கையெழுத்துக்கு முன்பே சட்டப்பேரவையில் வைக்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

தண்ணீர் வரி ஏன்? பம்பு ஓட மின்சாரம் வேண்டும், குழாய் உடைந்தால் ஆள் வேண்டும். அதற்கு ஜப்பான் தராது.

கர்நாடகம் தடுக்குமா? ஒகேனக்கல், காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவுக்குக் கீழே இருக்கிறது; அங்கே அளந்து நமக்கு விட்ட நீரிலிருந்துதான் எடுக்கிறோம். 2008-ல் அங்கே எதிர்ப்பு வெடித்தபோதும் மத்திய அரசு 1998-லேயே தந்த தடையின்மைக் கடிதம் இருந்தது.

பெங்களூருக்கும் ஜப்பான்தான் கொடுத்ததா? ஆம். 2024 அக்டோபரில் திறந்த காவிரி ஐந்தாம் கட்டம், நாளுக்கு 77.5 கோடி லிட்டர், ஜைகா கடன். பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. இரு பக்கமும் கடன் கொடுத்தவர் இதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலப்பது சரியா? சரியல்ல. லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரோடு அரை மில்லிகிராம் உள்ள ஆற்று நீரைச் சரிபாதி கலந்தால் 2.25 வரும், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 1.5. உங்கள் தொட்டியில் எவ்வளவு கலக்கிறார்கள், கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று அடுத்த கிராம சபையில் கேட்டுத் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள்.