பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லலாம்?

சென்ற மாதம் செம்பூரில் நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய ஏழு வயதுப் பேத்தி, "தாத்தா, கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகிறீர்களே, ரயிலில் போகும்போது மட்டும் ஏன் கட்டுவதில்லை?" என்று கேட்டாள். பெரியவர் வாய் திறக்குமுன் அவர் மகன், "அதெல்லாம் குழந்தைக்கு எதற்கு, அப்பா?" என்று தடுத்துவிட்டார். குழந்தை எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

இக்கேள்வி அவ்வீட்டிற்கு மட்டும் உரியதன்று. 1966 ஜூன் 19ஆம் நாள் சிவசேனை தோன்றியது. அதற்கு முன்பே, 1960இல் தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், அலுவலகங்களில் பணியாற்றிய தென்னாட்டாரின் பெயர்களைப் பட்டியலிட்டு வந்தது. வேட்டியும் லுங்கியும் ஏளனப் பொருளாயின. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. பின்னர் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மூண்ட கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். தாராவியும் அத்தீக்குத் தப்பவில்லை. இன்றைய தாத்தா பாட்டியர் முன்னதையும், தாய் தந்தையர் பின்னதையும் தம் இளமையில் கண்டவர்கள்.

இவற்றை மூடி மறைத்தால், பிள்ளை தெருவில் பிறர் வாயிலாக அறியும்; அங்கே உண்மையோடு வெறுப்பும் கலந்து வரும். ஒரே மூச்சில் கொட்டிவிட்டாலோ, பள்ளியில் பக்கத்தில் அமரும் மராத்தித் தோழியை நாளை அது அஞ்சத் தொடங்கும். இவ்விரண்டிற்கும் நடுவே வழி காண்பது பெற்றோர் கடமையன்றோ?

நம் கருத்து இது: சிறு பிள்ளைக்குக் கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுக, சொல்வது மெய்யாக இருக்கட்டும். தீங்கிழைத்தவர் சிலரே, ஓர் இனத்தையோ மதத்தையோ முழுமையாகச் சுட்டாதீர். காத்தவர்களையும் மறவாது சொல்லுக. பத்துப் பன்னிரண்டு வயதில் ஆண்டும் காரணமும் கூறலாம். வேலைப் போட்டியை அரசியல் எவ்வாறு பகையாக்கிற்று என்பது அப்போது விளங்கும். பதினைந்து வயதிற்கு மேல், 1998இல் வெளியான ஸ்ரீகிருஷ்ணா ஆணைய அறிக்கையையே உடனிருந்து படிக்கலாம்.

மற்றொன்றும் உண்டு. நாம் பட்டதைச் சொல்லி, நம்மவர் செய்ததை மறைத்தல் நேர்மையாகாது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த ஆதிதிராவிடக் குடும்பங்கள் பல, பிழைப்பைத் தேடி வந்ததோடு ஊர்ச் சாதிக் கொடுமையினின்றும் விலகி வந்தவை. அக்கொடுமையை இழைத்தவரும் தமிழரே. அதனையும் உரிய வயதில் நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தே அறிய வேண்டும்.

உணவுக்குப் பின் பெரியவர் பேத்தியை அருகில் அழைத்தார். "நான் இளைஞனாக இருந்தபோது ஸ்டேஷனில் சிலர் என் வேட்டியை இழுத்துச் சிரித்தார்கள். பயந்து, வெளியில் கட்டுவதை விட்டுவிட்டேன். அன்று கீழ்வீட்டு மராத்தி அம்மாள்தான் என்னை உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தார்" என்றார்.

"இப்பொழுதும் அவர்கள் வருவார்களா, தாத்தா?"

"வந்தாலும் நீ தனியாக இருக்க மாட்டாய், அம்மா. நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்."

அவள் விளையாடப் போய்விட்டாள். காதருகே உள்ள தழும்பைப் பற்றிப் பெரியவர் ஒன்றும் கூறவில்லை. அவள் அதைக் கேட்கும் நாள் வரும். அன்று மகன் தடுக்கமாட்டார் என்று நம்புகிறோம்.