நிழற்படமும் பெண்ணுருவும்

வேலூரிலிருந்து ஆம்பூர் வரை பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்குள்ள காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் பெண்டிர். அத்தகைய பெண்ணொருத்தியின் அடையாள அட்டையில் அவளது நிழற்படம் இருக்கும். அது அவள் முகத்தைக் காட்டும். அவளது கைத்திறனைக் காட்டுமோ? அவள் உள்ளத்தைக் காட்டுமோ? ஒருவரைப் பற்றி நிழற்படம் எத்துணை உண்மை கூறும் என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டு மக்களைப் படம் பிடித்து வகைப்படுத்தும் முயற்சி பெரிதும் நடைபெற்றது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் நூல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மாந்தர் பலர் தனி மனிதராகக் காட்டப்படாமல், தத்தம் குலத்தின் மாதிரிகளாகவே காட்டப்பட்டனர். 1869-இல் இலாம்பிரே என்பார், இரண்டு அங்குலச் சதுரங்கள் அமைந்த திரையின் முன் மனிதரை நிறுத்திப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். அளக்கப்பட்டவர் தம்மைப் பற்றிக் கூற விரும்பியதைக் கேட்பார் அரியர்.

இப்பழைய வழக்கத்தை நிழற்படத்தாலேயே வினவியவர், பெங்களூரில் 1956-இல் பிறந்த புஷ்பமாலா. சிற்பக்கலை பயின்ற இவர், பிரிட்டிஷ் நிழற்படக் கலைஞரான கிளேர் ஆர்னியுடன் கூடி, 2000 முதல் 2004 வரை 'தென்னிந்திய நாட்டுப் பெண்டிர்: நடையும் வழக்கமும்' என்னும் படத்தொடரை உருவாக்கினார். அதில் பல்வேறு பெண்டிராக வேடம் புனைந்து நின்றவர் அவரே. இரவிவர்மா தீட்டிய நிலவொளி மங்கையாகவும், வேளாங்கண்ணி மாதாவாகவும், நீலகிரித் தோடர் பெண்ணாகவும், செய்தித்தாளில் வெளிவந்த குற்றவாளிப் பெண்ணாகவும் அவர் தோன்றினார். கட்டமிட்ட திரையின் முன் உடல் அளக்கப்படும் பெண்ணாகவும் நின்றார்.

முகம் ஒன்றே, உடையும் திரையும் ஒளியும் மாறுந்தோறும் அவர் வேறொருவராகக் காட்சியளித்தார். இதனால், பெண்ணின் 'வகை' என்று பழைய படங்கள் காட்டியது இயற்கையன்று, படமெடுத்தோர் புனைந்ததே என்பது புலனாகும். மேலும், வெள்ளையர் படமெடுக்க இந்தியர் நிற்பது பண்டை வழக்கு. இங்கும் அவ்விருவரே உளர். ஆயின், எவ்வுருவில் நிற்பது என்று முடிவு செய்தவர் நின்ற பெண்ணே. வேறுபாடு இதுவேயாம்.

ஆதலின், ஒரு படத்தைக் காணும்போது, எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார், நின்றவரின் விருப்பம் கேட்கப்பட்டதா என வினவுதல் வேண்டும். ஆம்பூர்ப் பெண்ணின் அட்டை அவள் யாரென்று வாயில் காப்போனுக்கு உரைக்கப் போதியது. அவளை அறிய விரும்புவோர் அவளிடமே கேட்டல் வேண்டும்.