வழிவந்தாரை வரவேற்ற தமிழர் இல்லங்கள்

கோடை விடுமுறைக் காலத்தில் இலண்டன் வாழ் தமிழ்க் குடும்பங்கள் பல ஸ்பெயின் முதலிய நாடுகளுக்குச் சென்று வருகின்றன. விடுதியில் பணம் கொடுத்துத் தங்குவது ஒருவகை இன்பம். முன்பின் அறியாத ஒரு கிராமத்தவர் தம் வீட்டு வாசலில் நின்று, "உள்ளே வாருங்கள்" என்று அழைப்பாராயின், அது விலை கொடுத்துப் பெற முடியாத இன்பமாகும். இவ்வின்பத்தையே பொருளாகக் கொண்டு தனி இலக்கிய வகையொன்றை வளர்த்தவர்கள் நம் முன்னோர் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அவ்விலக்கிய வகை ஆற்றுப்படை எனப்படும். 'ஆறு' என்பது வழி. 'படுத்தல்' என்பது செலுத்துதல். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனுக்கு வழிகூறுவதாக இது அமையும். உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் அச்சேற்றிய பத்துப்பாட்டு என்னும் தொகுதியில் ஐந்து நூல்கள் இவ்வகையின. வழியைச் சொல்லும்போதே, வழியிலுள்ள எந்த ஊரில் எவர் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் புலவர்கள் கூறிச் செல்கின்றனர்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். வறண்ட நிலத்து எயினர் குடிசையில் புல்லரிசிச் சோறு கிடைக்கும். ஆயர் வீட்டில் பாலோடு தினைச்சோறு. முல்லை நிலத்து உழவர் வீட்டில் அவரைப் பருப்போடு வரகுச்சோறு. மருத நில உழவர் வீட்டில் கோழிப் பொரியலோடு வெண்ணெற்சோறு. ஒவ்வொருவரும் தத்தம் நிலம் தந்ததையே விருந்தினர்க்கும் தந்தனர். எறும்புப் புற்றிலிருந்து புல்லரிசியைத் தேடி எடுத்துச் சமைத்த எளிய குடும்பமும் கதவை அடைக்கவில்லை. விருந்தோம்பலுக்கு வேண்டுவது செல்வம் அன்று, மனமே என்பது இதனாற் பெறப்படும்.

செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. மலைச் சிற்றூரை அடைந்தால், வாசலில் தயங்கி நிற்காமல், சொந்த வீட்டினுள் நுழைவது போலவே நுழையலாம் என்று அது வழிப்போக்கர்க்குக் கூறுகின்றது. அயலவன் தயங்காமல் நுழையக்கூடிய வீடு எத்துணை உயர்ந்த வீடு!

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதும் பொருள். ஆகவே விருந்தினர் என்போர் புதிதாக வந்தோர். திருவள்ளுவரும் இல்லறத்தான் பேண வேண்டியோருள் விருந்தினரையும் சுற்றத்தாரையும் வெவ்வேறாகவே எண்ணுகின்றார். உறவினர்க்கு உணவிடுதல் நன்று. ஆனால் அறியாதவரை வரவேற்பதே விருந்தோம்பலின் உயிர்நிலை.

இப்பண்பு நூல்களோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம், தெருவின் மேலேயே கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை அமைத்து, வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டப்பட்டது. ஸ்பெயினிலும் சந்தியாகோ நகர் நோக்கி நடக்கும் யாத்திரிகர்க்கு, இயன்ற காணிக்கையை மட்டும் ஏற்று இடமளிக்கும் தங்குமடங்கள் சில உள்ளன. அந்த யாத்திரைப் பாதையை 1993இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நற்பண்பு எந்த ஓர் இனத்துக்கும் தனியுடைமை அன்று.

1983ஆம் ஆண்டின் பின்னர் இலண்டனுக்கு ஏதிலிகளாய் வந்த தமிழர் பலர், முன்னரே வந்திருந்தோரின் சிறிய வீடுகளிலேயே முதலில் தங்கினர். ஓர் அறையைப் பலர் பகிர்ந்தனர். இருந்த சோற்றைப் பங்கிட்டனர். இன்று நம்மிற் பலருக்கு வசதியான வீடுகள் உள்ளன. ஆயினும் திண்ணை இல்லை. முன்னறிவித்தலின்றி எவரும் மணியை அழுத்துவதில்லை. அயல் வீட்டாரின் பெயரை அறியாமலே ஆண்டுகள் கழிகின்றன. இந்நிலை நீடிக்குமாயின், நம் பிள்ளைகளுக்கு விருந்தோம்பல் என்பது தேர்வுக்காகப் படிக்கும் ஓர் அதிகாரத்தின் பெயராக மட்டுமே எஞ்சும்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் பள்ளித் தோழர்களை, அவர்கள் எந்நாட்டவராயினும், ஒருநாள் உணவுக்கு அழையுங்கள். மாணவர்களே, வருகின்றவர் உங்கள் முகத்தையே முதலிற் பார்ப்பார். முகம் வாடி நோக்கினால் விருந்தினரும் வாடுவர் என்று அனிச்ச மலரைக் காட்டி வள்ளுவர் அறிவுறுத்துகின்றார். தோசையோ இடியப்பமோ, வீட்டில் உள்ளதைக் கொடுங்கள். மலர்ந்த முகத்தோடு கொடுங்கள். புதிதாக வருவோர் தயங்காது நுழையும் இல்லங்கள் இலண்டனிலும் பெருகட்டும்.