இலை வந்துவிட்டது, பக்குவம் எங்கே?

கற்றாழை மடலை வெட்டியதும் அதைச் சீவ அப்பத்தா விடமாட்டார். வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு எவர்சில்வர் டம்ளரில் நிறுத்தி, அடுக்களை ஜன்னலோரம் வைத்துவிடுவார். அரைமணி நேரம் அது அப்படியே நிற்கும். பச்சைத் தோலை ஒட்டினாற்போல் ஒரு மஞ்சள் நீர் மெல்லக் கசிந்து டம்ளரின் அடியில் தேங்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கசப்பு தொண்டைவரை இறங்கும். அதற்குப் பிறகுதான் தோல் சீவுவது, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சோற்றைத் துண்டு போடுவது எல்லாம்.

“ஏழு தண்ணி ஊத்தி அலசுடி. மஞ்சத்தண்ணி ஒட்டியிருந்தா வயித்தப் பெரட்டிரும்.”

“ஆறு தண்ணி பத்தாதா அப்பத்தா?”

“எண்ணிக்கிட்டே அலசுனாத்தான் நல்லா அலசுவ.”

அந்த ஏழு தண்ணீர்க் கணக்கின் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. சோற்றுக்கற்றாழை மடலுக்குள் இரண்டு வெவ்வேறு சரக்குகள் இருக்கின்றன. நடுவில் உள்ள சோறு பெரும்பாலும் தண்ணீர்தான். தோலுக்கு அடியில் ஓடும் நுண்குழாய்களில் இருப்பது மஞ்சள் பால். அதில் உள்ள அலோயின் என்ற கசப்புப் பொருள் பெருங்குடலைத் தூண்டிப் பேதியாக்கும். இந்தப் பாலைக் காய்ச்சி உலர்த்தினால் கிடைப்பதுதான் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கரியபோளம். மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் மலமிளக்கிகளில் கற்றாழைப் பாலைச் சேர்ப்பதற்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002இல் தடை போட்டது. பாதுகாப்பானது என்பதற்குப் போதிய ஆதாரம் தரப்படவில்லை என்பதே காரணம். எங்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாட்டு வேலையை ஒரு டம்ளர் செய்துகொண்டிருந்தது.

இன்று மாடித்தோட்டம் வைக்காத தெரு குறைவு. துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதோடை என எந்த நர்சரியில் கேட்டாலும் நாற்று கிடைக்கிறது. இலை வீட்டுக்கு வந்துவிட்டது. எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்ற பக்குவம்தான் வழியிலேயே தங்கிவிட்டது. மூலிகையில் பாதி மருந்து அந்தப் பக்குவத்தில் இருக்கிறது. வீட்டுத் தொட்டிகளில் இருக்கும் சில செடிகளை வைத்தே அதைப் பார்ப்போம்.

வாசனை என்பது செடியின் ஆயுதம்

கற்பூரவல்லி இலை ஒன்றைப் பறித்து, பூதக்கண்ணாடியால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். வெல்வெட்டுத் துணிபோல் ரோமங்கள் அடர்ந்திருக்கும். அவற்றுக்கிடையே மிகச் சிறிய, பளபளக்கும் உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. இலையைக் கசக்கும்போது இந்தப் பைகள் உடைவதால்தான் மணம் எழுகிறது.

அந்த எண்ணெயில் கார்வக்ரால், தைமால் என்ற பொருள்கள் இருக்கின்றன. தைமால்தான் ஓமத்துக்கும் மணம் தருவது. ஓமவல்லி என்று இதற்கு இன்னொரு பெயர் வந்ததில் வியப்பே இல்லை. தாவர உறவைப் பார்த்தால் ஓமம் ஒரு குடும்பம், கற்பூரவல்லி வேறு குடும்பம். இரண்டும் தனித்தனி வழியில் வந்து ஒரே ஆயுதத்தைக் கண்டடைந்திருக்கின்றன. ஆயுதம் என்றே சொல்லவேண்டும். ஓடி ஒளிய முடியாத செடி, தன்னைக் கடிக்க வரும் பூச்சியையும் தொற்ற வரும் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் இந்த எண்ணெயை வைத்துத்தான் எதிர்க்கிறது. நாம் மருந்து என்று எடுத்துக்கொள்வது செடி தன் தற்காப்புக்காகச் சேர்த்து வைத்தது.

இது புரிந்தால் வளர்ப்பு முறையும் புரிந்துவிடும். நிழலில் வைத்து, யூரியா போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினால் இலை உள்ளங்கை அகலத்துக்கு வரும்; மணம் வெளிறிப்போகும். நல்ல வெயிலில், கொஞ்சம் காயவிட்டுத் தண்ணீர் கண்ட செடியின் இலை சிறுத்துத் தடித்திருக்கும், தொட்டாலே மணக்கும்.

அடுப்படிக்கும் இதே கணக்குதான். இந்த எண்ணெய்கள் சூட்டில் ஆவியாகிப் பறப்பவை. துளசியையோ கற்பூரவல்லியையோ திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும். பாத்திரத்தில் மிஞ்சுவது குறைவு. கொதித்த நீரில் இலையைப் போட்டு அடுப்பை அணைத்து மூடி வைத்தால் எண்ணெய் நீரிலேயே தங்கும். நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு அப்படிப் பறந்துவிடாது. அதனால் அதை நாலில் ஒன்றாக வற்றக் காய்ச்சலாம். மணமுள்ள இலைகளை நிழலில் உலர்த்தச் சொல்வதும் இதனால்தான். எந்தச் சரக்கை எப்படிக் காய்ச்சுவது என்பதை வேதியியல் பெயர் தெரியாமலே நம் வீடுகள் பிரித்து வைத்திருந்தன.

ஆடு தொடாத இலை

ஆடாதோடையின் பெயரிலேயே அதன் கசப்பு இருக்கிறது. தோட்டத்து வேலியில் நின்றாலும் ஆடுமாடு கடிக்காது. நீலகிரி மலையில் சின்கோனா பயிரிட்டுக் கொய்னா தயாரித்த காலத்தில், மதராஸ் அரசின் கொய்னா ஆய்வாளராக உதகமண்டலத்தில் பணியாற்றியவர் டேவிட் ஹூப்பர். அவர்தான் 1888இல் ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற காரப்பொருளைப் பற்றி எழுதினார். அந்த மூலக்கூறை முன்மாதிரியாக வைத்து 1960களில் புரோம்ஹெக்சின் என்ற சளிமருந்து உருவானது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் போனதும் மாறிக் கிடைக்கும் பொருள் ஆம்ப்ராக்சால். உங்கள் வீட்டு அலமாரியில் இருமல் மருந்து பாட்டில் இருந்தால் எடுத்துச் சீட்டைப் படித்துப் பாருங்கள். இந்த இரண்டில் ஒரு பெயர் இருக்க வாய்ப்புண்டு. இறுகிய சளியை இளக்கி வெளியேற்றுவது அவற்றின் வேலை. வேலியோர இலை ஒன்று உலகம் முழுக்க மருந்துக்கடைகளை எட்டிய கதை இது.

ஆடாதோடை இலையைப் பச்சையாக இடித்தால் சாறு லேசில் வராது. அதனால் இட்லிப்பானையில் ஆவிகாட்டி, இலை துவண்டதும் பிழிவார்கள். சூட்டில் செல்சுவர் தளர்ந்து சாறு இறங்கும். கர்ப்பிணிகளுக்கு இதைத் தரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அதற்கும் காரணம் தெளிவாகவே தெரிந்திருக்கிறது. வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும்.

எத்தனை நாள் என்பதும் பக்குவத்தில் சேர்ந்ததே. சாதாரணச் சளி இருமலுக்கு நாலைந்து நாள் வீட்டு மருந்து போதும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், மாலைக் காய்ச்சலோ எடைக் குறைவோ சளியில் ரத்தமோ கண்டால், கஷாயத்தை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். காசநோய்ப் பரிசோதனை அங்கே இலவசம். நாட்களைக் கடத்தினால் நோய் முற்றும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும்.

கீழாநெல்லி கற்றுத்தந்தது

விதைக்காமலே தொட்டியில் முளைக்கும் செடி கீழாநெல்லி. சிறு கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்குக் கீழே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். இரவில் இலைகளை மடக்கித் தூங்கும். மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்து மோரில் கொடுப்பது நம் ஊர்களில் பரவலான வழக்கம்.

இதை விஞ்ஞானம் ஒதுக்கிவிடவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார்கள். அந்த வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்த முடிவு 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

அடுத்து, மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அதே பலன் வரவில்லை. செடி இனம் வேறா, விளைந்த மண் வேறா, பறித்த பருவம் வேறா என்று விவாதம் நீண்டது. கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி-யைக் குணமாக்கும் என்று சொல்ல இன்றுவரை உறுதியான சான்று இல்லை.

அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காமாலை குணமானது எப்படி? காமாலை ஒரு நோயின் பெயரே இல்லை. கண்ணும் தோலும் மஞ்சளாகும் ஓர் அறிகுறி. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எது கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். பித்தநாளத்தில் கல் அடைத்து வந்த காமாலையோ எந்த இலைக்கும் அடங்காது. கண் மஞ்சளானால் முதல் வேலை ரத்தப் பரிசோதனை. எந்தக் காமாலை என்று தெரிந்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

நாக்கு வைக்கும் வரம்பு

மஞ்சள்பாலில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போடுவது பல வீடுகளில் பழக்கம். மஞ்சளில் உள்ள குர்குமின், உடலில் லேசில் சேராது. குடலும் கல்லீரலும் அதை விரைவாக மாற்றி வெளியேற்றிவிடும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரச் சத்தான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேரும் குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது.

பைப்பரின் இதைச் சாதிப்பது கல்லீரலின் வெளியேற்றும் வேலையைத் தாமதப்படுத்தித்தான். குர்குமினுக்கு நடப்பது நாம் விழுங்கும் மாத்திரைக்கும் நடக்கலாம். வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன் போன்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் கூடிவிடக்கூடும். ரசத்தில் போடும் மிளகுக்கு இந்தக் கவலை வேண்டாம். கடையில் விற்கும் செறிவூட்டிய குர்குமின்-பைப்பரின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன.

தூதுவளை ரசம், வல்லாரைத் துவையல், முடக்கத்தான் தோசை என்று மூலிகையை உணவாக்கி வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. உணவில் நாக்கே அளவு பார்த்துக்கொள்கிறது. கசப்பும் காரமும் ஓரளவுக்கு மேல் போனால் தட்டு தானாக ஒதுங்கும். அதே சரக்கை மாத்திரைக்குள் அடைத்தால் அந்தக் காவல் போய்விடுகிறது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்த மூலிகையைத் தொடர்ந்து எடுத்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சில செடிகள் அடுக்களைப் பக்கமே வரக்கூடாதவை. வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் பிரிக்கப்படுகின்றன. அவற்றை மருத்துவமனையில் எடைபோட்டு, ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அந்த இலையைச் சர்க்கரை நோய்க்கு என்று மென்று தின்பது ஆபத்து. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொல்லும் நஞ்சு. இவை கண்ணுக்கு மட்டும்.

தொட்டியில் தொடங்குங்கள்

ஐந்து செடி போதும்: துளசி, கற்பூரவல்லி, கற்றாழை, தூதுவளை, இடமிருந்தால் ஆடாதோடை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு. தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம். கற்றாழையும் கற்பூரவல்லியும் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்தாறு மணி நேர வெயில் கிடைக்கட்டும். துளசியில் பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிட்டால் விதைக்குப் போகும் சத்து இலைக்குத் திரும்பும். பக்கக் கிளைகளும் வெடிக்கும். தூதுவளை படர ஒரு குச்சி ஊன்றுங்கள். முள்ளுண்டு, குழந்தை கைக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். ரசாயனப் பூச்சிமருந்து இந்தத் தொட்டிகளுக்கு வேண்டாம். சாக்கடை ஓரத்தில், சாலையோரத்தில் முளைத்ததைப் பறிக்கவும் வேண்டாம். மண்ணில் இருக்கும் ஈயம் போன்ற உலோகங்களைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். பெயர் உறுதியாகத் தெரியாத செடியை வாயில் வைக்கவே கூடாது.

எங்கள் மாடியில் இருக்கும் கற்பூரவல்லி எதிர்வீட்டு அக்கா ஒடித்துக் கொடுத்த கிளை. அவருக்கு அது அவருடைய மாமியார் வீட்டிலிருந்து வந்தது. நம் ஊரில் இந்தச் செடி விதையால் பெருகுவது அபூர்வம். கிளைக்குக் கிளை, கைக்குக் கை என்றுதான் பரவுகிறது. அதனால் மரபணு மாறாமல் அன்றைய அதே செடி இன்றும் நம் கைக்கு வருகிறது. கைமாறும்போது தேய்ந்தது அதனுடன் வந்த சொல்தான்.

போன மாதம் கீழ்வீட்டுப் பெண் கிளை கேட்டு வந்தாள். “பாப்பாவுக்குச் சளிக்கா, தேன்ல குழைச்சுக் குடுக்கலாம்ல?” குழந்தைக்கு எட்டு மாதம்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்று சொன்னேன். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து, பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகும். இலைச்சாறும் இப்போது வேண்டாம், பால் குடிக்கத் திணறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ என்றேன். பிறகு நாலு விரல்கடை நீளத்தில் ஒரு கிளையை ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளி, காகிதத்தில் சுற்றினேன். அந்தக் காகிதத்திலேயே இரண்டு வரி எழுதியும் கொடுத்தேன். செடி பெரிதாகி அவள் யாருக்காவது கிளை ஒடித்துக் கொடுக்கும்போது அந்த இரண்டு வரியும் கூடவே போகவேண்டும்.